பாக்கெட்ட திருப்பி தேதி பாக்கற வேலை

யார் வீட்டுக்கு போனாலும் ஒரு பிஸ்கட் பாக்கெட்ட நீட்டினா என் கை தன்னால அத திருப்பும், பின்னாடி ஓரத்துல மங்கலா அடிச்சிருக்கற தேதிய கண்ணு தேடும், வீட்டுக்காரி பக்கத்துல இருந்தா முழங்கையால ஒரு இடி விழும். "வந்த இடத்துல என்ன இது"ம்பா. என்ன பண்றது, கைக்கு ஏறிப்போன பழக்கம்.

இத இப்ப எழுத காரணம் அக்கா பையன். போன வாரம் ஃபோன் பண்ணி "மாமா, ஃபுட் ப்ராடக்ட்ஸ் கம்பெனில சேல்ஸ் வேலை கெடச்சிருக்கு, ஒண்ணாந்தேதி ஜாயின் பண்ணணும், என்ன படிச்சுட்டு போகட்டும்"னு கேட்டான். நல்லா பேசணும், சிரிச்ச முகமா இருக்கணும், நோன்னு சொன்னா யெஸ்னு மாத்தணும்னு ஏதேதோ வீடியோ வேற பாத்து வெச்சிருக்கான். ஃபோன்ல அஞ்சு நிமிஷம் பேசி பாத்தேன், சொல்ல வந்தது ஒண்ணு வாயில வந்தது ஒண்ணு, சரி எழுதியே அனுப்பிடறேன்டான்னு சொல்லிட்டேன். அவனுக்காக ஆரம்பிச்சது இப்படி நீண்டு போச்சு.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வரல, மொதல்லயே சொல்லிடறேன். வேற எதுவும் கெடைக்கல. இண்டர்வியூல மேனேஜர் என்னோட சர்டிஃபிகேட் எதையும் பாக்கல, டேபிள் மேல இருந்த ஒரு பாக்கெட்ட என் பக்கம் தள்ளி "இதுல என்னென்ன இருக்கு சொல்லு"ன்னாரு. நான் ப்ராண்ட் பேர படிச்சேன், ஃப்ளேவர படிச்சேன், முன்னாடி கொட்ட எழுத்துல போட்டிருந்தத எல்லாம் படிச்சேன். அவரு பாக்கெட்ட திருப்பி வெச்சாரு. "முன்பக்கம் கஸ்டமருக்கு தம்பி, நமக்கு பின்பக்கம்."

பின்பக்கம்னா பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, எது வரைக்கும் வெச்சுக்கலாம்ங்கற தேதி, நெட் வெயிட், சேர்மானம். சேர்மானம் சும்மா இஷ்டத்துக்கு எழுதறது இல்ல, எது எடைல அதிகமோ அது மொதல்ல, அப்பறம் அடுத்தது, இப்படி எறங்கு வரிசைல போடணும், உலகத்துல அநேகமா எல்லா நாட்டு சட்டமும் இத தான் கேக்குது. அதனால சக்கரை மொதல் எடத்துல இருக்கற பாக்கெட்ட வெச்சுக்கிட்டு இது ஹெல்த்துக்கு நல்லதுங்கன்னு கடைக்காரர்கிட்ட அளந்தோம்னா, அவரு திருப்பி பாத்தாருன்னா நம்ம கதை அங்கயே முடிஞ்சுது. அதே மாதிரி பெஸ்ட் பிஃபோர் வேற, யூஸ் பை வேற. மொதல்ல சொன்னது தரம் பத்தினது, அந்த தேதி தாண்டினா மொறுமொறுப்பு போகும், வாசனை போகும். ரெண்டாவது சேஃப்டி, அது தாண்டினா சாப்பிடவே கூடாது. கடைல நம்மாளுங்க ரெண்டையும் சேத்து எக்ஸ்பைரின்னு தான் சொல்லுவோம், சொல்லிக்கலாம், ஆனா வித்தியாசம் மண்டைல இருக்கணும்.

வேலை குடுத்துட்டாங்க. ஏன் குடுத்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, அந்த ஏரியால இருந்த ஆள் திடீர்னு நின்னுட்டாருன்னு அப்பறம் தான் கேள்விப்பட்டேன்.

மொத ஒரு வாரம் ஒரு சீனியர் அண்ணன் கூட லைன் போனேன், அதாவது கடை கடையா ரவுண்டு. நான் நெனச்சது என்னன்னா இவரு கடைக்குள்ள போவாரு, ஓனருக்கு வணக்கம் சொல்லுவாரு, பேசுவாரு, அப்படியே மயக்கி ஆர்டர் வாங்குவாருன்னு. அவரு ஓனர் பக்கம் லேசா தலைய ஆட்டிட்டு நேரா செல்ஃபுக்கு போயிட்டாரு. பேண்ட் பாக்கெட்ல இருந்து ஒரு பழைய துணிய எடுத்து நம்ம சரக்கு மேல இருந்த தூசிய தொடச்சாரு. ஒவ்வொண்ணா திருப்பி தேதி பாத்தாரு. புது தேதி போட்டத பின்னாடி தள்ளி, சீக்கிரம் முடியப்போறத முன்னாடி இழுத்தாரு. பேர் தெரியற மாதிரி முகத்த நேரா திருப்பி வெச்சாரு. எண்ணினாரு. இதுக்கெல்லாம் ஒரு மூணு நிமிஷம். அப்பறம் தான் ஓனர்கிட்ட வந்து "அண்ணே, ஒரு பெட்டி போதும்"னாரு. ஓனர் கணக்கு நோட்டுல இருந்து தலைய கூட தூக்கல, "போட்டுக்க".

நான் அசந்து போயிட்டேன். கடைக்கு வெளில வந்து "எப்படிண்ணே ஒரு வார்த்தைல முடிச்சீங்க"ன்னு கேட்டா அவரு கணக்கு சொன்னாரு. போன வாரம் வந்தப்ப செல்ஃப்ல 12 இருந்துச்சு, அன்னிக்கு ஒரு பெட்டி போட்டோம், பெட்டிக்கு 24, ஆக 36. இப்ப 8 இருக்கு. அப்ப ஒரு வாரத்துல 28 வித்திருக்கு. இன்னொரு பெட்டி போட்டா 8ம் 24ம் 32, அடுத்த வாரம் நான் வர்ற வரைக்கும் தாங்கும், கைல 4 மிச்சம் இருக்கும். ரெண்டு பெட்டி போட சொன்னா அவரு காசு என் சரக்குல மாட்டிக்கும், போடலன்னா ரெண்டாவது மூணாவது நாளே செல்ஃப் காலி, காலி எடத்துல வேற கம்பெனிக்காரன் வந்து ஒக்காருவான். இது தான் மொத்த வித்தையும். எண்ணாம ஆர்டர் கேக்கறவன் கெஞ்சணும், எண்ணிட்டு கேக்கறவன் சும்மா நம்பர சொன்னா போதும்.

அடுத்த வாரம் தனியா விட்டாங்க. 38 கடை, 5 பில், அதாவது 5 கடைல தான் ஆர்டர். அவ்ளோ தான். "இப்ப வேணாம்", "சரக்கு இருக்கு", "அடுத்த வாரம் பாக்கலாம்", "ஓனர் இல்லப்பா". இதுல கடைசியா சொன்னத சொன்னவரு தான் ஓனர்ங்கறது எனக்கு மூணாவது வாரம் தான் தெரிஞ்சுது. கோவம் வரல, அவரு பக்கம் நின்னு பாத்தா ஒரு நாளைக்கு என்ன மாதிரி எத்தன பேரு வர்றான், எல்லாரும் இதே சிரிப்பு, இதே பேக், இதே டயலாக். நானா இருந்தாலும் ஓனர் இல்லன்னு தான் சொல்லியிருப்பேன்.

கணக்குல ஒரு தடவ நல்லா அசிங்கப்பட்டேன். ஒரு கடைல ஜம்பமா "இதுல உங்களுக்கு 25 பர்சண்ட் மார்ஜின்ணே"ன்னு சொல்லிட்டேன். அவரு கால்குலேட்டர எடுத்து தட்டி என் மூஞ்சிக்கு நேரா காட்டினாரு, 20. விஷயம் என்னன்னா 80க்கு வாங்கி 100க்கு வித்தா லாபம் 20, அத வாங்கின வெலையோட வெச்சு பாத்தா 25, வித்த வெலையோட வெச்சு பாத்தா 20. மொதல்ல சொன்னதுக்கு பேரு மார்க்அப், ரெண்டாவது தான் மார்ஜின், கடைக்காரங்க பேசறது அனேகமா எப்பவும் விக்கற வெலை மேல. நான் பொய் சொல்லல, எனக்கு தெரியல, ஆனா அவரு பார்வைல ரெண்டும் ஒண்ணு தான். அந்த கடைல பில் போட எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

ஸ்கீமும் இதே கதை தான். 10 வாங்கினா 1 ஃப்ரீன்னா எல்லாரும் 10 பர்சண்ட் தள்ளுபடின்னு பேசிக்குவோம். 11 பாக்கெட் கைக்கு வருது, அதுல 1 தான் சும்மா, 11ல 1ன்னா 9 சொச்சம். பெருசா ஒண்ணும் இல்லையேன்னு தோணும், நூறு பெட்டி எடுக்கற பெரிய கடைக்காரர்கிட்ட பேசறப்ப அந்த ஒரு பர்சண்ட்ட வெச்சே அவரு நம்மள எடை போட்டுடுவாரு. இன்னொண்ணு, மார்ஜின் நெறைய குடுக்கறோம்ங்கறத மட்டும் சொல்லி எந்த கடைலயும் ரொம்ப நாள் நிக்க முடியாது. ஒரு பாக்கெட்ல 10 கெடைக்கற சரக்கு மாசத்துக்கு நாலு தடவ போச்சுன்னா 40, ஒரு பாக்கெட்ல 30 கெடைக்கற சரக்கு மாசத்துக்கு ஒரு தடவ போச்சுன்னா 30 தான், அதுவும் அந்த மாசம் முழுக்க எடத்த அடச்சுக்கிட்டு. ஓடற சரக்கா இல்லையான்னு தான் பழைய கடைக்காரங்க மொதல்ல கேப்பாங்க, எவ்ளோ லாபம் நிக்கும்ங்கறது அடுத்த கேள்வி.

கடைலயும் ரெண்டு ஜாதி உண்டு, ஆள் எடுத்து குடுக்கற கடை, நாமளே போய் எடுத்துக்கற கடை. 1916 வரைக்கும் உலகத்துல அநேகமா எல்லா மளிகை கடையும் மொத ரகம் தான், சீட்ட நீட்டினா உள்ள இருந்து எடுத்து தருவாங்க. அந்த வருஷம் அமெரிக்கால மெம்ஃபிஸ்ல க்ளாரன்ஸ் சாண்டர்ஸ்னு ஒருத்தரு பிக்லி விக்லின்னு ஒரு கடைய தொறந்து, நீங்களே கூடைய எடுத்துக்கிட்டு உள்ள போங்க, வேணும்ங்கறத எடுத்துட்டு வந்து காசு குடுங்கன்னுட்டாரு. இத எதுக்கு சொல்றேன்னா அங்க இருந்து தான் பாக்கெட் தனக்கு தானே பேச வேண்டியதா போச்சு. அந்த மாதிரி கடைல நீ கண்ணு மட்டத்துல எடம் புடிக்கணும், முகம் நேரா இருக்கணும், பக்கத்து பக்கத்துல ரெண்டு மூணு வரிசை இருந்தா இன்னும் நல்லது. ஆள் எடுத்து குடுக்கற கடைல இதெல்லாம் செல்லாது, அங்க கவுண்டர்ல நிக்கற பையன் "இது நல்லா இருக்கும்"னு சொல்றது தான் வெளம்பரம். ஓனர்கிட்ட அரை மணி நேரம் பேசிட்டு அந்த பையன் பேர கூட கேக்காம வர்ற சேல்ஸ்மேன நான் நெறைய பாத்திருக்கேன், நானும் அப்படி தான் இருந்தேன். அப்பறம் புது சரக்கு எறங்கினா மொத பாக்கெட்ட பிரிச்சு அந்த பையனுக்கு குடுத்துட்டு தான் மத்த பேச்சு.

சாப்பாட்டு சரக்கு விக்கறதுக்கும் சோப்பு விக்கறதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, இது உள்ள போற பொருள். சாம்ப்ளிங்னு ஒரு டேபிள் போட்டு பாக்கெட்ட பிரிச்சு கஸ்டமருங்களுக்கு குடுத்துட்டு இருந்தோம். ஒரு அம்மா கைல கொழந்தையோட வந்து "இதுல நட்ஸ் எதாவது இருக்கா"ன்னாங்க. நான் இல்லீங்கன்னு சொல்லிக்கிட்டே தட்ட நீட்டிட்டேன். சீனியர் அண்ணன் பக்கத்துல இருந்து வந்து தட்டு மேல கைய வெச்சு மறைச்சாரு, பாக்கெட்ட எடுத்து அந்த அம்மாகிட்ட காட்டி "நட்ஸ் கலந்திருக்கலாம்னு போட்டிருக்கும்மா, கொழந்தைக்கு வேணாம்"னாரு. சேர்மானத்துல நட்ஸ் இல்ல தான், அதே மெஷின்ல நட்ஸ் போட்ட சரக்கும் ஓடுது, அதனால அந்த வரி. வேர்க்கடலை, பால், முட்டை, மீன், கோதுமை, சோயா இந்த மாதிரி சிலது சில பேருக்கு கொஞ்சூண்டு உள்ள போனாலே மூச்சு அடைக்கும். அன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல, கெளம்பறப்ப மட்டும் "தெரியலன்னா பாத்து சொல்றேன்னு சொல்லு, இல்லன்னு சொல்லாத"ன்னாரு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

நடுவுல ஆறு மாசம் என்ன சில்ட், ஃப்ரோசன் பக்கம், அதாவது ஃப்ரிட்ஜ்லயும் ஃப்ரீசர்லயும் வெச்சு விக்கற சரக்கு பக்கம் தூக்கி போட்டாங்க. அது வேற உலகம். ஃப்ரோசன்னா மைனஸ் 18 டிகிரி, சில்ட்னா 5 டிகிரிக்கு கீழ, 5ல இருந்து 60 வரைக்கும் கிருமிக்கு கொண்டாட்டம். தேதி நல்லா இருந்தாலும் சரக்கு கெட்டிருக்கும், அது தான் அதுல இருக்கற சிக்கல். கரண்ட் பில்லுக்கு பயந்து ராத்திரி ஃப்ரீசர ஆஃப் பண்ணிட்டு காலைல போடற கடை உண்டு, கேட்டா ஒத்துக்க மாட்டாங்க, பாக்கெட்ட தூக்கி குலுக்கி பாத்தா தெரியும், தனித்தனியா இருக்க வேண்டியதெல்லாம் ஒரே கட்டியா ஒட்டிக்கிட்டு உள்ள ஐஸ் பூத்து கெடக்கும். ஒரு தடவ உருகி திரும்ப ஒறஞ்சதுன்னு அர்த்தம். அந்த பக்கம் போறவங்க தெர்மாமீட்டர் ஒண்ணு பைல போட்டுக்கறது நல்லது.

சரி, இப்ப சொல்ல சங்கடப்படற விஷயத்துக்கு வர்றேன்.

சேந்து அஞ்சாவது மாசம், 28ந்தேதி, டார்கெட்டுக்கு 15 பெட்டி கொறையுது. புது ஃப்ளேவர் ஒண்ணு எறக்கியிருந்தாங்க, அது ஓடல, ஆனா டார்கெட் அதுல தான். மேல இருந்து ஃபோனுக்கு மேல ஃபோன். என்கிட்ட நல்லா பழகற ஒரு கடைக்காரரு இருந்தாரு, பெரிய கடைன்னு சொல்ல முடியாது, ஆனா சொன்ன தேதிக்கு காசு தர்ற மனுஷன். அவருகிட்ட போய் நின்னேன். "அண்ணே ஒரே ஒரு ஹெல்ப், 15 பெட்டி எறக்கிக்கங்க, மெதுவா வித்துக்கலாம், க்ரெடிட் கூட சேத்து வாங்கி தர்றேன்." அவரு கடைல அந்த சரக்கு மாசத்துக்கு ஒரு பெட்டி போகும். அது எனக்கு தெரியும், எண்ணி வெச்சிருந்தேன். அவரு என் மூஞ்சிய பாத்தாரு, "உனக்காக"ன்னாரு. எறக்கிட்டேன். டார்கெட் அடிச்சாச்சு, இன்சென்டிவ் வந்துச்சு, மீட்டிங்ல கை தட்டினாங்க.

கம்பெனி கணக்குல அது சேல்ஸ் தான். கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு, அதாவது மொத்தமா வாங்கி கடைங்களுக்கு பிரிச்சு தர்றவருக்கு, பில் போட்டா ப்ரைமரி, டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்கு பில் போட்டா செகண்டரி, ரிப்போர்ட்ல இந்த ரெண்டும் தான் வரும். கடைல இருந்து ஒரு ஆள் அத வாங்கிட்டு போய் சாப்பிட்டு, புடிச்சு போய் திரும்ப வந்து கேக்கறாரே, அது என் ரிப்போர்ட்ல எந்த கட்டத்துலயும் இல்ல. என்ன கேட்டா சேல்ஸ்ங்கறதே அந்த கட்டம் தான், மத்ததெல்லாம் சரக்க ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்கு மாத்தி வெக்கறது.

அந்த சரக்குக்கு ஆயுசு ஆறு மாசம். நாலு மாசம் கழிச்சு ஒரு நாள் போறேன், அவரு திட்டல, சத்தம் போடல. உள்ள போயி ஸ்டூல இழுத்து போட்டு ஏறி, மேல பரண்ல இருந்து ஒரு பெட்டிய எறக்கி, டேப்ப கிழிச்சு, ஒரு பாக்கெட்ட எடுத்து என் கைல குடுத்தாரு. "தேதிய படி தம்பி." படிச்சேன். "சத்தமா படி, கண்ணாடி போடல நான்." படிச்சேன். இன்னும் ரெண்டு மாசம். மேல 11 பெட்டி இருக்கு. ரெண்டு மாசத்துல மிஞ்சி மிஞ்சி போனா 2 போகும். 9 பெட்டி அவரு தலைல.

கம்பெனிக்கு ஃபோன் பண்ணினா டேமேஜ் மட்டும் தான் ரிட்டர்ன் எடுப்போம், எக்ஸ்பைரி எடுக்கறது இல்லன்னு சொல்லிட்டாங்க. நான் ஜாயின் பண்றப்ப இத கேட்டே இருக்கல. அப்பறம் டிஸ்ட்ரிபியூட்டர் கை கால்ல விழுந்து, அவரு சம்மதத்தோட பெட்டிய எறக்கி, அந்த ஃப்ளேவர் கொஞ்சம் ஓடற வேற கடைங்களுக்கு அரை பெட்டி கால் பெட்டின்னு பிரிச்சு பிரிச்சு, ஒவ்வொருத்தர்கிட்டயும் தேதிய காட்டி சொல்லியே குடுத்து, 6 பெட்டிய தள்ளினேன். மிச்சம் 3 பெட்டி தேதி முடிஞ்சு குப்பைக்கு போச்சு. அதுல பாதி காசு நான் அந்த கடைக்காரருக்கு குடுத்தேன், வாங்க மாட்டேன்னாரு, டேபிள் மேல வெச்சுட்டு வந்துட்டேன். இன்சென்டிவ்ல வந்தத விட அதிகம் போச்சு.

அதனால டேய் மாப்ள, உனக்கு தான் சொல்றேன், ஜாயின் பண்றதுக்கு முன்னாடி ஹெச்ஆர்கிட்ட சம்பளத்த பத்தி கேக்கறப்பவே எக்ஸ்பைரி சரக்குக்கு என்ன பாலிசின்னு கேளு, எழுத்துல இருக்கான்னு கேளு. ஃபிக்ஸட் எவ்ளோ இன்சென்டிவ் எவ்ளோன்னு தனித்தனியா கேளு, சேத்து ஒரு நம்பர் சொன்னா நம்பாத. பெட்ரோல் யாரு காசுன்னு கேளு. முன்னாடி அந்த லைன்ல இருந்தவரு ஏன் போனாருன்னு கேளு, உண்மைய சொல்ல மாட்டாங்க, ஆனா சொல்றப்ப மூஞ்சிய பாரு. அவரு விட்டுட்டு போன அவுட்ஸ்டாண்டிங் லிஸ்ட்ட, அதாவது எந்த கடை எவ்ளோ பாக்கின்னு இருக்கற லிஸ்ட்ட, கேட்டு வாங்கி, ஒவ்வொரு கடையா போய் அவங்க நோட்டுல என்ன இருக்குன்னு சரி பாத்துட்டு கையெழுத்து போடு, இல்லன்னா அவரு வசூல் பண்ணி கட்டாம விட்டத உன் தலைல கட்டுவாங்க. ஷூ நல்லதா ஒண்ணு வாங்கிக்க, டை எல்லாம் வேணாம். துணி ஒண்ணு பைல இருக்கட்டும்.

அந்த கடைக்காரரு அதுக்கு அப்பறம் ஏழு வாரம் எனக்கு ஒரு பில் தரல. நான் வாரா வாரம் போவேன், அவரு பேச மாட்டாரு, நானும் எதுவும் கேக்கல, செல்ஃப தொடப்பேன், எண்ணுவேன், நோட்டுல எழுதிக்குவேன், வந்துடுவேன். நம்ம சாஸ் பாட்டில் மட்டும் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. எட்டாவது வாரம் நான் எண்ணிட்டு திரும்பறப்ப நோட்ட பாத்துக்கிட்டே "எத்தன இருக்கு"ன்னாரு. "மூணுண்ணே." "எவ்ளோ போடலாம்?" "ஒரு பெட்டிண்ணே, சின்ன பெட்டி, 12 வர்றது." "போடு."

பில்ல எழுதிட்டு, அந்த மூணு பாட்டிலயும் திருப்பி தேதி பாத்து முன்னாடி இழுத்து வெச்சுட்டு அடுத்த கடைக்கு கெளம்பினேன், அங்கயும் ஓனர் இல்லன்னு தான் சொன்னாங்க.